மண்புழுக்கள் படியேறி வந்த ஐப்பசி

கோயமுத்தூருக்கு மேற்கே, மலைக்குப் பக்கத்தில், ஆவாரங்காட்டு நகர் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. ஐப்பசி அடைமழையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தவர்களெல்லாம், தங்கள் தோட்டத்து மண்புழுக்கள் மண்ணைவிட்டு வெளியேறி, செடி வரிசையைத் தாண்டி, சிமெண்டு நடையைத் தாண்டி, படியேறி வந்து, கோலத்தை மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கி, உள்ளே வரலாமா என்ற தோரணையில் காத்திருப்பதைக் கண்டார்கள். யாரும் கூச்சல் போடவில்லை. வாசலுக்கு வந்து நின்றவரை ‘வாங்க’ என்று சொல்லாமல் விடுவது அந்தச் சீமையில் பெரும் பழி. எதிரி வந்தால்கூட ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பார்கள். அதனால் பெண்கள் வாய்ப்பழக்கமாக “வாங்க வாங்க, மழைல நனையாதீங்க” என்று சொல்லிவிட்டார்கள், சொன்ன பிறகுதான் மண்புழுவுக்கு மழை ஒரு பொருட்டா என்று யோசித்தார்கள், அதற்குள் அவை உள்ளே வந்துவிட்டன.

வந்தவர்களுக்கு இடம் பார்க்க வேண்டுமே. துருப்பிடித்த வாஷிங் மெஷின் டிரம், பரணில் கிடந்த தொட்டில், பொங்கலுக்கு மட்டும் கீழே இறங்கும் பித்தளை அண்டா, விரிசல் விட்ட பிளாஸ்டிக் பக்கெட் என்று கிடைத்ததிலெல்லாம் தேங்காய் நார்த்தூளை நனைத்துப் போட்டு, வடித்த டீத்தூளும் வாழைப்பழத் தோலும் வைத்து, புழுக்களைக் குடியமர்த்தினார்கள். வெளிச்சம் அவற்றுக்கு ஆகாது என்பதால் டியூப் லைட்டை அணைத்துவிட்டு இருட்டில் சீரியல் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை கல்லுப்புப் போட்டு வீடு துடைப்பதை நிறுத்தினார்கள். ஆண்கள் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துத் தேய்த்து நடக்கப் பழகி, அலுவலகத்திலும் அப்படியே நடந்து பேர் வாங்கினார்கள். ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த பல்லடத்துக்காரர்கள், கேசரித் தட்டுக்குப் பக்கத்தில் ஒன்று ஊர்ந்து போவதைப் பார்த்து முகம் சுளித்தபோது, பெண்ணின் அப்பா, “அவங்க உங்களுக்கு முந்தி வந்த விருந்தாளிங்க, கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்றார். விருந்தாளியை விட்டுக்கொடுக்காத வீடு என்று அந்த இடமே நிச்சயமாகிவிட்டது. மண்புழு சைவமா அசைவமா, பிள்ளையார் கோயிலுக்குள் வரலாமா என்று கமிட்டியில் ஒரு சாயங்காலம் முழுக்க விவாதம் நடந்து, பிள்ளையார் மண்ணில் பிடித்த சாமிதானே என்று ஒருவர் சொன்னதும் கலைந்துபோனது.

ஏன் வந்தன என்பதும் எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. தோட்டத்து மண்ணில் புதிதாக ஒரு புழு வந்திருந்தது: நூடுல்ஸ் போல நீளம், மஞ்சள் கலந்த பழுப்பு, முதுகில் ஒரு கறுப்புக் கோடு, தலை மட்டும் மண்வெட்டி இலை மாதிரி அகலமாக விரிந்திருக்கும். ஊர்க்காரர்கள் அதற்கு மம்பட்டித் தலையன் என்று பேர் வைத்தார்கள். அது மண்புழுவின் மேல் படர்ந்து, கோழையால் மூடி, உடம்பைக் கூழாகக் கரைத்துக் குடித்தது. குடித்துவிட்டு அடுத்ததைத் தேடிப் போனது. மாமரத்தடி மண் செங்கல்லாக இறுகியது, மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் தேங்கியது, உதிர்ந்த இலை மக்காமல் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது.

குடியிருப்புச் செயலாளர் நாச்சிமுத்து சும்மா இருக்கும் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் மண்வெட்டியும் களைக்கொத்துமாக இறக்கி, மம்பட்டித் தலையனை மம்பட்டியாலேயே ஒழிப்போம் என்று முழங்கி, கண்ட இடத்திலெல்லாம் துண்டு துண்டாக வெட்ட வைத்து, எல்லாருக்கும் போண்டாவும் டீயும் கொடுத்து அனுப்பினார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். ஒவ்வொரு துண்டுக்கும் தலை முளைத்தது, வால் முளைத்தது, வாரம் திரும்புவதற்குள் தோட்டங்கள் புழுவால் நெளிந்தன, அப்போதுதான் மிச்சமிருந்த மண்புழுக்கள் வீடேறி வந்தன.

“வெட்டாதீங்க. ஈரச் சாக்க மண்ணு மேல விரிச்சு வைங்க, வெடியால எந்திரிச்சுப் பாத்தா அதுக்கடியில வந்து சேந்திருக்கும், குச்சில எடுத்து உப்புத் தண்ணில போடுங்க. கையில தொடாதீங்க” என்று சொன்னவர் துளசிமணி. ஆவாரங்காட்டு நகரில் செடிக்கு நோய் என்றால் துளசிமணியிடம்தான் போவார்கள். கறிவேப்பிலைக் கன்று பிழைக்காத வீட்டுக்கு அவர் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் துளிர்விடும் என்று ஒரு பேச்சு உண்டு. வெட்டினால் பெருகும் என்று எப்படித் தெரியும் என்று நாச்சிமுத்து கேட்டதற்கு, “போன்ல பாத்தனுங்க” என்றார். அது பொய்.

துளசிமணி வீட்டுக்குத்தான் மண்புழுக்கள் அதிகமாக வந்தன. மற்ற வீடுகளுக்கு ஒரு சட்டி, ஒரு வாளி என்று வந்திருக்க, அவர் வீட்டுப் படியில் கயிறு திரித்துப் போட்டது போல அவை ஏறி வந்துகொண்டே இருந்தன. குளியலறை நிறைந்து, மாடிப்படி நிறைந்து, அவர் கணவர் சென்னியப்பன் தன் ஈஸி சேரையும் விட்டுக்கொடுத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். பார்க்க வந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். “மண்ணுக்குத் தெரியுமுங்க யாரு நல்லவங்கன்னு” என்றார்கள். துளசிமணி சிரிக்க முயன்று முடியாமல் காப்பி வைக்கப் போவார். சமையலறையில் அடுப்பைப் பார்த்து நிற்கும்போது அவர் காதோரமெல்லாம் சூடாகிவிடும். வேறொன்றுமில்லை, வெட்கம். செய்தது தான் என்று தெரிந்தவரின் வீட்டுக்கு, பாதிக்கப்பட்டவர்களே அடைக்கலம் தேடி வந்து நின்றால் வருகிற வெட்கம். அவர் வீட்டில் மண்புழுக்கள் அதிகம் வந்ததற்குக் காரணம், அவர் தோட்டத்தில்தான் மம்பட்டித் தலையன் எல்லாருக்கும் முந்தி வந்தது, அதிகமாகவும் வந்தது என்பதே.

ஆவணியில் அவர் மகள் மிருதுளாவுக்குக் கல்யாணம். தேங்காயும் வெற்றிலையும் எல்லாரும் கொடுப்பதுதான், நாம் தாம்பூலத்தோடு ஆளுக்கொரு செடி கொடுப்போம் என்று துளசிமணிதான் ஆசைப்பட்டார். தொலைவில் எங்கோ ஒரு நர்சரியில் சொல்லி வைத்து, சின்னச் சின்னப் பச்சைத் தொட்டிகளில் சிவப்பு அந்தூரியம் லாரியில் வந்து இறங்கியது. முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், மண்டபத்துச் சமையல்கட்டுப் பக்கம், ஒவ்வொரு தொட்டியாக மஞ்சப்பையில் போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு தொட்டியின் அடி ஓட்டையிலிருந்து அகலத் தலையோடு ஒன்று இறங்கி வந்தது. துளசிமணி பூச்சரம் நறுக்க வைத்திருந்த கத்தரிக்கோலால் அதை இரண்டாக வெட்டினார். தலைத்துண்டு ஒரு தொட்டிக்குள் போனது. வால்துண்டு, தலையே இல்லாமல், வழி தெரிந்த மாதிரி இன்னொரு தொட்டிக்குள் போனது. அது நல்ல சகுனமில்லை, ஒன்று இருந்தால் மற்றத் தொட்டிகளிலும் இருக்கும் என்று மண் தெரிந்த அவருக்குத் தெரிந்தது. ஆனால் நாதஸ்வரக்காரர் சுருதி சேர்க்கிறார், சென்னியப்பன் “எங்க போய்ட்ட, வா வா” என்று கூப்பிடுகிறார், மஞ்சப்பையில் மணமக்கள் பேர் அச்சடித்தாகிவிட்டது, செடி இல்லை என்று யாரிடம் சொல்வது? கொடுத்துவிட்டார். மிச்சமான தொட்டிகளையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து மாமரத்தடியில் வரிசையாக வைத்தார். ஊர் முழுக்க வாசலுக்கு வாசல் சிவப்பாகப் பூத்தது, எல்லாரும் அவரைப் புகழ்ந்தார்கள்.

ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் ஒரு மண்புழுகூட வரவில்லை. அது கடைசித் தெரு மூலை வீடு, நாச்சிமுத்துவுக்குச் சொந்தமானது, கோகிலவாணி என்ற தையல்காரி அதில் வாடகைக்கு இருந்தாள். புருஷன் திருப்பூரில் வேறொருத்தியோடு குடித்தனம் பண்ணுகிறான். இவள் கழுத்தில் தாலி இருந்தாலும் ஊர் அதை ஒரு கணக்காக எடுத்துக்கொள்ளவில்லை. மண்புழு வாசலுக்கு வராத வீடு என்றதும் பேச்சு கிளம்பியது. முதலில் கோகிலாவின் கை ராசி சரியில்லை என்றார்கள். பிறகு அவள் ஏதோ மருந்து வைத்திருக்கிறாள் என்றார்கள். கடைசியில், மம்பட்டித் தலையனைக் கொண்டு வந்து விட்டதே அவள்தான், அதனால்தான் மண்ணே அவளை ஒதுக்கி வைத்திருக்கிறது என்று முடித்தார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

நாச்சிமுத்து ஒரு நாள் துளசிமணி வீட்டுக்கு வந்து, புழுக்களை மிதிக்காமல் சோபா நுனியில் உட்கார்ந்து, காப்பியை வாங்கிக்கொண்டார்.

“ஏனுங் துளசிக்கா, அத்தன ஊட்டுக்கும் போன புழு ஒரு ஊட்டுக்கு மட்டும் போகலீன்னா என்னங்க அர்த்தம்? நானும் பாத்துட்டேதான் இருந்தன். தையில காலி பண்ணச் சொல்லிப்போட்டனுங்க.”

“கோகிலாவையா?”

“பின்ன? ஊரு நல்லா இருக்கோணுமல்லங்க. நீங்க என்ன சொல்றீங்க?”

துளசிமணி ஏதாவது சொல்லியிருக்கலாம். “காப்பிக்குச் சக்கர பத்துதுங்களா?” என்று கேட்டார். நாச்சிமுத்து போதும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் போன பிறகும் துளசிமணி வெகுநேரம் அந்தக் காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார், தன் நாக்கை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது. காலடியில் ஒரு மண்புழு அவர் புடவை ஓரத்தில் நம்பிக்கையாகப் படுத்திருந்தது.

மறுநாள் மத்தியானம் மழை விட்டதும் அவர் மூலை வீட்டுக்குப் போனார். என்ன சொல்லப் போகிறோம் என்று முடிவு செய்திருக்கவில்லை. கோகிலா கொல்லையில் சிறுகீரை பறித்துக்கொண்டிருந்தாள். துளசிமணி இடுப்பளவு சுவருக்கு இந்தப் பக்கம் நின்றார். மிருதுளா கல்யாணத்துக்கு அப்புறம் இருவரும் பேசிக்கொள்வது அதுதான் முதல் தடவை.

“கீர நல்லா வந்திருக்குது கண்ணு.”

“ஆமாங்க்கா” என்றாள் கோகிலா. நிமிர்ந்து பார்க்கவில்லை.

துளசிமணியின் கண் மண்ணுக்குப் போனது, அவர் கண் எப்போதும் அங்கேதான் போகும். கீரைப் பாத்தி முழுக்க, வாழையடி முழுக்க, குருணை குருணையாகப் பொங்கிய சின்னச் சின்ன மண் குவியல்கள், மண்புழு கழித்துவிட்டுப் போனவை, ராத்திரி மழைக்குப் பிறகு வந்த புதுசு. ஆவணிக்கு அப்புறம் அந்த ஊரில் வேறெங்கும் அவர் அதைப் பார்க்கவில்லை.

“உன்ற மண்ணுல புழு இருக்குதா?”

கோகிலா ஒரு கீரையை வேரோடு பிடுங்கிக் காட்டினாள். வேர் மண்ணில் ஒரு கொழுத்த மண்புழு நெளிந்து, வெளிச்சத்துக்குக் கோபித்துக்கொண்டு, திரும்ப மண்ணுக்குள் விழுந்து மறைந்தது. “இருக்குதுங்களே. ஏனுங்க்கா, இருக்கக் கூடாதுங்களா?”

“அப்புறம் ஏன் ஊட்டுக்குள்ள வர்ல?”

“எதுக்குங்க்கா வரோணும்? அதுகளுக்கு இங்க என்ன கொறச்சல்?”

துளசிமணிக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடி வர வேண்டியது வீடு எரிகிறவர்கள்தானே. இந்த மண்ணில் மம்பட்டித் தலையன் இல்லை. ஏன் இல்லை என்றால் இந்த வீட்டில் அந்தூரியம் இல்லை. ஏன் இல்லை என்றால் இந்த வீட்டுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. சுமங்கலிகள் கூடுகிற இடம், அவள் வந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அவளுக்கும் சங்கடம் என்று சொன்னது வேறு யாருமில்லை, துளசிமணிதான். கேட்டவர்கள் எல்லாரும் அதுவும் சரிதான் என்றார்கள்.

“ஊட்டுக்காரரு தையில காலி பண்ணச் சொல்லிட்டாருங்க” என்றாள் கோகிலா, கீரையை முறத்தில் போட்டுக்கொண்டே. “எம்மேல என்ன தப்புங்கன்னு கேட்டனுங்க. புழுவக் கேளுங்கறாரு.” இன்னும் இரண்டு கீரையைப் பிடுங்கினாள். பிறகு முதல் முறையாக நிமிர்ந்தாள். “அக்கா, ஒண்ணு கேக்கோணும்னே இருந்தனுங்க. மிருதுளாவுக்கு முகூர்த்தத்துக்குத் தச்ச ரவிக்க, கை புடிக்காம இருந்துச்சுங்களா? எடது கைல கொஞ்சம் சந்தேகமாவே குடுத்தன்.”

கல்யாண ரவிக்கைகள் அத்தனையும் தைத்தது கோகிலாதான். துளசிமணி “நல்லா இருந்துது கண்ணு” என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் அங்கே நிற்க மாட்டாமல் வீட்டுக்கு நடந்தார். நடக்கும்போதே மனசு ஒரு வழி கண்டுபிடித்தது: மூலை வீட்டு மண் நல்ல மண், அவள் வேப்பம் புண்ணாக்கு போட்டிருப்பாள், அதனால்தான் புழு வெளியே வரவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டால் கோகிலாவும் பிழைத்தாள், தன் பேரும் பிழைத்தது. நல்ல வழிதான். அதை நினைத்துக்கொண்டே அன்று அவர் கொஞ்சம் சாப்பிடவும் செய்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம். நாச்சிமுத்து மைக்கைப் பிடித்து, அதிக மண்புழுக்களுக்கு அடைக்கலம் கொடுத்த அன்புச் சகோதரி, மண்ணின் தாய் என்று அடுக்கி, துளசிமணியின் தோளில் ஜரிகை போட்ட சால்வை ஒன்றைப் போர்த்தினார். எல்லாரும் கை தட்டினார்கள். கோகிலா கூட்டத்தில் இல்லை. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கைதட்டல் ஓயாமல் நீளவும், துளசிமணிக்கு அந்தச் சால்வைக்குள் உடம்பெல்லாம் கூசியது, வேப்பம் புண்ணாக்கு என்று சொல்ல வாயைத் திறந்தவர் வேறொன்றைச் சொன்னார்.

“அதக் கொண்டாந்தது நானுங்க.”

மைக் கீச்சென்று கத்தியது.

“எங்க கல்யாணத் தொட்டிலதான் வந்துது. மண்டபத்துலயே பாத்தன். கத்திரிக்கோல்ல வெட்டினன், ரெண்டும் உசுரோட ஒண்ணொண்ணும் ஒரு தொட்டிக்குள்ள போச்சு. பாத்துட்டேதான் உங்க கையில குடுத்தன்.”

நாச்சிமுத்து மைக்கைத் தட்டிப் பார்த்தார். பிறகு முன்வரிசையில் ஒரு பெண், “நம்ம அக்காவுக்குப் பெரிய மனசுங்க, யாரோ பண்ணத இவங்க தாங்கிக்கறாங்க” என்று சொல்ல, கூட்டம் நிம்மதியாகச் சிரித்தது, மறுபடியும் கை தட்டியது. உண்மையைச் சொல்லியும் புகழ் போகவில்லை என்றால் ஒரு மனுஷி என்ன செய்வாள்? துளசிமணிக்குக் கோபம் வந்துவிட்டது.

“செரி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க எல்லார்த்து ஊட்லயும் அந்தூரியம் இருக்குது. கோகிலா ஊட்ல இருக்குதா?”

முன்வரிசைப் பெண் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

“ஏன் இல்ல?”

அதற்கு அங்கே பதில் தெரியாதவர்கள் ஒருவர்கூட இல்லை. பெண்கள் தலைகுனிந்து கால் பெருவிரலைப் பார்த்தார்கள், ஆண்கள் பிள்ளையாரைப் பார்த்தார்கள். அவளைக் கூப்பிடாதது நல்லதாப் போச்சு என்று அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்து சொன்னவர்கள், அந்தப் பாயசத்தின் ருசி இப்போது நாக்கில் வேறு மாதிரி ஏறுவதை உணர்ந்தார்கள். கையில் சால்வைக் கவரோடு நின்ற நாச்சிமுத்துவுக்கு, போர்த்தியதை எடுப்பதா விடுவதா என்று தெரியவில்லை. அந்த ஊரில் மிச்சமிருக்கும் ஒரே நல்ல மண் அந்தூரியம் போகாத மூலை வீட்டு மண், புழுக்கள் அங்கே போய்ச் சேர்ந்தால்தான் பிழைக்கும், தோட்டங்களைச் சுத்தம் செய்து முடிக்கிற வரை அவள்தான் வைத்திருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் புரிந்தது. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போய்க் கேட்பது என்பதுதான் புரியவில்லை. அப்படியே நின்றார்கள், தூறல் போட ஆரம்பித்தும் நின்றார்கள்.

மண்புழுவுக்கு மூஞ்சி கிடையாது. அவை டிரம்மிலிருந்தும் தொட்டிலிலிருந்தும் அண்டாவிலிருந்தும் ஈஸி சேரிலிருந்தும் தாமாகவே இறங்கி, படி இறங்கி, தெருவில் சேர்ந்து, நனைந்த தாரின் மேல் செம்பழுப்பாக ஒரு தேர் வடம் போலக் கடைசித் தெருவை நோக்கிப் போயின, வெட்கப்பட்ட ஊர் பின்னாலேயே போனது. மூலை வீட்டு கேட்டில் போய் அவை நின்றன. உள்ளே நுழையவில்லை. காத்திருந்தன.

கோகிலா தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தாள், கழுத்தில் அளவு டேப்போடு. புழுக்களைப் பார்த்தாள், அவற்றுக்குப் பின்னால் நின்ற முகங்களைப் பார்த்தாள், தோட்டத்து ஹோஸ் பைப்பை இழுத்து வந்து கேட்டின் குறுக்கே மெல்லத் தண்ணீர் ஓடவிட்டாள்.

“கழுவிட்டு வாங்க. வாங்க, வாங்க.”

அவை ஒவ்வொன்றாக அந்தத் தண்ணீரில் நனைந்து, ஒட்டியிருந்த மண்ணையும் கோழையையும் விட்டுவிட்டு, உள்ளே போய்க் கீரைப் பாத்தியில் இறங்கி மறைந்தன.

“தையில நான் காலி பண்ணோணுங்களே” என்றாள் அவள் நாச்சிமுத்துவிடம். “அப்ப இதுகள எங்கீங் கொண்டு போறது?”

“நீ எங்கியும் போக வேண்டாம்மா” என்றார் நாச்சிமுத்து. மைக் இல்லாமல் அவர் குரல் அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

துளசிமணி புழுக்களுக்குப் பின்னாலேயே வந்து, ஜரிகைச் சால்வை நனைந்து தோளில் கனக்க, கேட்டில் கை வைத்தார். உள்ளே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், அதைக் கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது அவருக்கு.

“அக்கா, உங்க கால்ல மண்ணு இருக்குதுங்க” என்றாள் கோகிலா. குரலில் கோபம் துளியும் இல்லை, இருந்ததைச் சொன்னாள். “அது எங்கூட்டுக்குள்ள வரக் கூடாதுங்க. அங்கயே நில்லுங்க.”

துளசிமணி குனிந்து பார்த்தார். விரல் இடுக்கிலெல்லாம் அவர் தோட்டத்து மண்தான்.

“கழுவினாப் போயிருமா கண்ணு?”

கோகிலா யோசித்தாள். அவள் பொய் சொல்லிப் பழகியவள் இல்லை.

“தெரியலீங்க்கா” என்று சொல்லிவிட்டு, கடைசியாக வந்து நின்ற மெலிந்த புழு ஒன்றைக் குனிந்து “வாங்க” என்று கூப்பிட்டாள். அது உள்ளே போனது. துளசிமணி கேட்டுக்கு வெளியே மழையில் நின்றுகொண்டிருந்தார்.